தலைகீழ் வாள் திரைக்கு வந்த கதை: 'ருரௌனி கென்ஷின்' படவரிசை, ஒரு நிகழ்வு ஆய்வு

1868 ஜனவரி, கியோட்டோவுக்குத் தெற்கே தோபா-ஃபுஷிமி. ஜப்பானை ஆண்டுவந்த படைத்தலைவர் ஷோகுனின் படைகளும் பேரரசர் பெயரில் திரண்ட படைகளும் மோதிய களம். குருதி படிந்த முகத்தோடு ஓர் இளைஞன் பிணங்களுக்கு நடுவே நிற்கிறான். வென்ற பக்கம் அவனுடையதுதான். அவன் கையிலிருந்த வாளை மண்ணில் செருகி நிறுத்திவிட்டு, அதை விட்டு நடந்து போகிறான். அவன் போன பிறகு, பிணங்களுக்கு அடியிலிருந்து இன்னொருவன் ஊர்ந்து வெளியே வந்து அந்த வாளை எடுத்துக்கொள்கிறான்.

2012 ஆகஸ்ட் 25 அன்று ஜப்பானில் வெளியான 'ருரௌனி கென்ஷின்' திரைப்படம் இப்படித் தொடங்குகிறது. படத்துக்கு மூலமான மாங்காவின், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையின், தொடக்கம் வேறு. அங்கே ஒரு சிறு முன்னுரை. உடனே பத்தாண்டு கடந்து இரவு நேர டோக்கியோ தெரு. வழிப்போக்கன் ஒருவனைக் கொலைகாரன் என்று தவறாக எண்ணி மரவாளோடு வழிமறிக்கும் இளம்பெண். சிரிப்பும் துடிப்புமாகத் தொடங்கும் அத்தியாயம் அது. படம் அந்தச் சிரிப்பைத் தள்ளிவைத்துவிட்டு, அவன் எதை விட்டுவிட்டு வந்தான் என்பதை முதலில் காட்டுகிறது.

மாங்காவை நடிகர்களை வைத்துப் படமாக்கும் முயற்சிகளில் தோற்றவைதான் மிகுதி. 2009இல் ஹாலிவுட்டில் வந்த 'டிராகன்பால் எவல்யூஷன்' படத்தின் திரைக்கதையாசிரியர் சில ஆண்டுகள் கழித்து ரசிகர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஜப்பானியர்களே எடுத்த படங்களிலும், வண்ணத் தலைமுடியையும் உடைகளையும் அச்சு அசலாகக் கொண்டுவந்து உயிரைக் கோட்டைவிட்டவை பல உண்டு. கென்ஷின் படங்கள் ஏன் தப்பின என்பதற்கு நான் கண்ட விடை எளிது. கொல்ல மாட்டேன் என்று ஒருவன் செய்த சபதத்தின் கனம்தான் கதையின் உயிர் என்று இந்தக் குழு புரிந்துகொண்டது. அதைக் காப்பாற்ற மற்ற எதையும் மாற்றத் துணிந்தது. அந்தக் கனத்தை வசனத்தில் வைக்காமல் சண்டையில் வைத்தது. ஐந்து படங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகு இதில் எனக்கு ஐயமே இல்லை.

மூலத்தில் இருந்தது

நொபுஹிரோ வாட்சுகியின் இந்தத் தொடர், ஷுயேஷா நிறுவனத்தின் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 1994 முதல் 1999 வரை வெளிவந்தது. மொத்தம் 28 தொகுதிகள். விற்பனை 7 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. 1996இல் தொடங்கிய தொலைக்காட்சி அனிமே (ஜப்பானிய அசைபடத் தொடர்) இதை ஜப்பானுக்கு வெளியேயும் பரப்பியது. பின்னாளில் 'ஒன் பீஸ்' தொடரால் உலகப் புகழ் பெற்ற எய்ச்சிரோ ஓடா, இந்தத் தொடரில் வாட்சுகியின் உதவியாளராக வேலை பார்த்தவர்.

கதை நடப்பது மெய்ஜி பேரரசர் காலத்தின் 11ஆம் ஆண்டில், அதாவது 1878இல். பொது இடங்களில் வாள் அணிவதைத் தடைசெய்த ஆணை 1876இல் வந்தது. சாமுராய்களின் சத்சுமா கிளர்ச்சி 1877இல் அடக்கப்பட்டது. சாமுராய் என்ற வகுப்பே கலைந்துபோன காலம். அந்த நேரத்தில், புரட்சிக்காக நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்ற ஹிமுரா கென்ஷின் நாடோடியாக அலைகிறான். 'ருரௌனி' என்பதே அலைந்து திரிவதைக் குறிக்கும் சொல்லையும் தலைவனில்லாத சாமுராயைக் குறிக்கும் 'ரோனின்' என்ற சொல்லையும் இணைத்து வாட்சுகி உருவாக்கிய புதுச்சொல். கென்ஷினின் பழைய பெயர் 'ஹிதோகிரி பட்டோசாய்'. ஹிதோகிரி என்றால் ஆளை வெட்டுபவன். பட்டோ என்றால் உறையிலிருந்து வாளை உருவுதல். உருவும் வேகத்திலேயே வெட்டி முடிப்பது அவன் கலை.

இந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் கவாகாமி கென்சாய் என்ற உண்மையான மனிதர். ஷோகுன் ஆட்சியின் கடைசிக் காலத்தில் பெயர் பெற்ற கொலையாளி. புதிய அரசே அவருக்கு 1872இல் மரண தண்டனை நிறைவேற்றியது. தன்னைப் பயன்படுத்திக்கொண்ட காலம் முடிந்ததும் தூக்கியெறியப்பட்ட ஒரு மனிதன், சாகாமல் தப்பியிருந்தால் எப்படி வாழ்ந்திருப்பான்? கென்ஷினை நான் அந்தக் கேள்வியாகவே படிக்கிறேன். அவன் இடுப்பில் இருப்பது சகாபாத்தோ. வழக்கமான ஜப்பானிய வாளான கட்டானாவில் கூர்மை வெளிவளைவில் இருக்கும்; இதில் உள்வளைவில், அதாவது பிடித்திருப்பவனைப் பார்த்து இருக்கிறது. இயல்பாக வீசினால் எதிராளியின் மேல் படுவது மழுங்கிய முதுகு. எலும்பு முறியும், உயிர் போகாது.

கதையில் வரலாற்று மனிதர்களும் நடமாடுகிறார்கள். ஷோகுனுக்காகப் போரிட்ட ஷின்செங்குமி படையின் 3ஆம் பிரிவுத் தலைவன் சாய்தோ ஹாஜிமே, மெய்ஜி காலத்தில் பெயரை மாற்றிக்கொண்டு டோக்கியோ காவல் துறையில் வேலை பார்த்து 1915 வரை வாழ்ந்தவர். மாங்காவிலும் படத்திலும் அவர் போலீஸ் உடையில் சிகரெட்டோடு வருகிறார். கென்ஷினும் அவரும் ஒருகாலத்தில் எதிரெதிர்ப் பக்கம் நின்று ஒருவரையொருவர் கொல்லப் பார்த்தவர்கள். இப்போது ஒரே அரசின் கீழ் ஒரே தெருவில் நடக்கிறார்கள்.

யாரிடம் போய்ச் சேர்ந்தது

வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் ஜப்பான் கிளை 2011 ஜூன் மாதம் இந்தப் படத்தை அறிவித்தபோது, ஜப்பானில் சரித்திர நாடகங்களுக்கு நல்ல காலம் இல்லை. 1969 முதல் ஓடிக்கொண்டிருந்த 'மிதோ கோமோன்' தொலைக்காட்சித் தொடர் அந்த ஆண்டு டிசம்பரில்தான் நிறுத்தப்பட்டது. குதிரை, அரங்கம், பொய்முடி, உடை எல்லாவற்றுக்கும் செலவு, பார்ப்பவர்களோ வயதானவர்கள். அந்தச் சூழலில் வாள் சண்டைப் படத்தை இளைஞர்களுக்கு எடுப்பது சின்ன விஷயம் இல்லை.

இயக்குநர் கெய்ஷி ஓட்டோமோ. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஆண்டுக்கொன்றாக வரும் அதன் பெரிய சரித்திரத் தொடர்களில் 2010ஆம் ஆண்டுக்கான 'ரியோமாதென்' தொடரை இயக்கியவர்களில் முதன்மையானவர். கதாநாயகன் சகாமோதோ ரியோமாவாக மசாஹாரு ஃபுகுயாமா நடித்த அந்தத் தொடரில், தகேரு சாதோ என்ற இளைஞருக்குக் கிடைத்த வேடம் ஒகாதா இசோ. கென்சாயைப் போலவே அந்தக் காலத்தின் உண்மையான கொலையாளி. குருவுக்காகக் கொன்று, கொன்றதாலேயே உள்ளுக்குள் அழுகி, கடைசியில் கைவிடப்பட்ட மனிதன். ஓராண்டு கழித்து ஓட்டோமோ அதே சாதோவைக் கென்ஷின் ஆக்கினார்.

இது பலர் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி. சாதோ அழகாக இருக்கிறார், மாங்கா முகத்துக்குப் பொருந்துகிறார் என்று மட்டும் சொல்கிறார்கள். அவர் 'காமென் ரைடர்' வரிசையில் 2007இல் கதாநாயகனாக வந்து சண்டைக் காட்சிகளில் பழகியவர் என்பதும் உண்மைதான். ஆனால் கென்ஷினின் கண்ணில் தெரியும் சோர்வு ஒகாதா இசோவிடமிருந்து வந்தது. அந்தத் தொடரிலிருந்து வந்தவர் சாதோ மட்டும் இல்லை. கென்ஷினின் தோழன் சகாரா சானோசுகேயாக வரும் முனேதாகா ஆவோகி, மருத்துவம் தெரிந்த பெண் மெகுமியாக வரும் யூ ஆவோய், அபின் வணிகன் கன்ரியூவாக வரும் தெருயுகி ககாவா எல்லோரும் 'ரியோமாதென்' குழுவினர். 2014இல் கென்ஷினின் குரு ஹிகோ செய்ஜூரோவாக ஃபுகுயாமாவே வந்து சேர்ந்தார். தொலைக்காட்சிக்காக அந்தக் காலத்தின் மண்ணில் ஓராண்டு முழுக்கப் புரண்ட குழு ஒன்று அப்படியே மாங்காவுக்குள் நடந்து வந்தது. உடைகளில் தூசி படிந்திருப்பது, வெளிச்சம் சாளரத்தின் வழியே மட்டும் வருவது, தெருவில் சேறு இருப்பது எல்லாம் அந்தப் பழக்கத்தின் விளைவு. கென்ஷினின் தீப்போன்ற சிவப்பு முடி படத்தில் மங்கிய செம்பழுப்பு. வியப்பு வந்தால் அவன் சொல்லும் 'ஓரோ' என்ற சொல் எப்போதாவதுதான் கேட்கிறது. 'தெ கோசாரு' என்று முடியும் அவனுடைய பழங்காலப் பணிவுப் பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. அதுவும் மறைந்து பழைய கொலையாளியின் குரல் வெளியே வரும் நொடிகளுக்காகத்தான்.

கால்கள்

மாங்காவில் வேகத்தைக் காட்டுவது சுலபம். ஒரு கட்டத்தில் கை பிடியில் இருக்கும். அடுத்த கட்டத்தில் எதிரி பறந்துகொண்டிருப்பான். நடுவில் நடந்ததை வாசகரின் கண்ணே நிரப்பிக்கொள்ளும். 'யாராலும் பார்க்க முடியாத வேகம்' என்று ஒரு துணைப்பாத்திரம் வாய் பிளந்து சொன்னால் நம்பிவிடுவோம். நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் அந்த இடைவெளி இல்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் ஒரு மனிதன் உண்மையாகவே ஓடியாக வேண்டும்.

இங்கே வருகிறார் கென்ஜி தனிகாகி. ஜப்பானில் குராதா சண்டைப் பயிற்சிக் கழகத்தில் தேர்ந்து, 1990களில் ஹாங்காங் போய், சண்டை நடிகர் டோனி யென்னின் சண்டைக் குழுவில் பல படங்களில் வேலை பார்த்தவர். ஐந்து படங்களுக்கும் சண்டை இயக்குநர் அவர்தான். ஓட்டோமோவைவிட இவரைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஜப்பானிய வாள் சண்டைப் படங்களின் பழைய மரபு அமைதியை நம்பியது. இருவர் எதிரெதிரே நிற்பார்கள். காற்று வீசும். நீண்ட நேரம் எதுவும் நடக்காது. பிறகு ஒரே வெட்டு, ஒருவன் சாய்வான். அந்த மரபு ஒற்றை எதிரிக்கும், கொல்லும் வாளுக்கும் பொருந்தும். கென்ஷினுக்கு இரண்டும் இல்லை. அவனுடைய ஹிதென் மிதுசுருகி பாணி, மாங்காவின் கணக்குப்படி, ஒருவன் பலரை எதிர்கொள்ள உருவானது. அவன் வாளோ ஒரே வீச்சில் கதையை முடிக்காது. அடிபட்டவன் எழுந்து வரக்கூடும். ஆகவே சண்டை நின்று வெட்டுவதாக இருக்க முடியாது. இடைவிடாமல் நகர வேண்டும். பலர் சூழ்ந்த இடத்தில் ஒருவன் இடத்தையே ஆயுதமாக்குவது ஹாங்காங் சினிமா பல பத்தாண்டுகளாகக் கற்றுவைத்த வித்தை. தனிகாகி அதைக் கட்டானாவோடு சேர்த்தார். மாங்கா கேட்டதும் ஹாங்காங் கொடுத்ததும் ஒன்றாகவே அமைந்துவிட்டன.

முதல் படத்தில் கவனித்துப் பாருங்கள். சாதோவின் மேல் உடம்பைவிடக் கால்கள்தான் அதிகம் பேசுகின்றன. உடலைத் தரையோடு தாழ்த்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வளைந்து ஓடுகிறான். மரத்தரையில் சறுக்கி ஒருவனின் முழங்காலுக்குக் கீழே புகுந்து அவன் முதுகுப் பக்கம் எழுகிறான். சுவரில் இரண்டு எட்டு வைத்துத் திரும்புகிறான். வாள் வருவதற்கு முன்பே ஆள் வந்துவிடுகிறான். கேமரா அவனோடு ஓடுகிறது. வெட்டுகள் இருந்தாலும் யார் எங்கே நிற்கிறார்கள் என்ற தெளிவு போவதில்லை. வேகம் என்பது படத்தொகுப்பின் மாயமாக இல்லாமல் ஒரு மனிதனின் மூச்சாகத் தெரிகிறது. சண்டை முடிந்து அவன் நிற்கும்போது நமக்கும் மூச்சு வாங்குகிறது.

ஒவ்வொரு எதிரிக்கும் ஒரு நடை உண்டு. 2014இல் ரியூனோசுகே காமிகி நடித்த சேதா சோஜிரோ, புன்னகை மாறாத கொலையாளி. பாய்வதற்கு முன் நுனிக்காலில் இலேசாகக் குதித்துக்கொண்டே இருப்பான், பள்ளிக்கூட மைதானத்தில் முறை வருவதற்குக் காத்திருக்கும் சிறுவனைப் போல. அந்தச் சின்னக் குதிப்பில் எவ்வளவு அச்சம்! உணர்ச்சியே இல்லாத மனம் ஒன்றை விளக்க மாங்காவுக்குப் பல பக்கங்கள் தேவைப்பட்டன. காமிகிக்கு இரண்டு பாதங்கள் போதுமாக இருந்தன. ஒகினா என்ற முதியவராக வரும் மின் தனாகா, பெயர் பெற்ற நடனக் கலைஞர். பிறந்தது 1945இல். யூசுகே இசேயா நடித்த, முன்னாள் ஒற்றர் படைத் தலைவன் ஆவோஷியோடு அவர் மோதும் காட்சியில் முதுமையின் கனமும் நடனத்தின் நிதானமும் ஒருசேரத் தெரிகின்றன. நடிகர் தேர்வே சண்டை அமைப்பாக மாறியிருப்பதற்கு இதைவிட நல்ல சான்று இந்த வரிசையில் இல்லை.

மணிக்கட்டு

தலைகீழ் வாள் என்பது திரைக்கு ஆபத்தான பொருள். கூர்மை இல்லாத வாளால் அடித்துக்கொண்டே இருக்கும் நாயகனை எவ்வளவு நேரம் பார்ப்பது? உயிர் போகாது என்று தெரிந்துவிட்டால் பதற்றம் எங்கிருந்து வரும்? இந்தக் கேள்விக்குப் படக்குழு கண்டுபிடித்த விடை அந்த வாளிலேயே இருந்தது. கூர்மை இல்லாத வாள் இல்லை அது. கூர்மை மறுபக்கம் இருக்கிறது. மணிக்கட்டை ஒருமுறை திருப்பினால் போதும், பத்தாண்டுச் சபதம் முடிந்துபோகும். எதிராளியின் உயிர் போகுமா என்ற பதற்றத்தின் இடத்தில், கென்ஷின் கையைத் திருப்பிவிடுவானா என்ற பதற்றம் வந்து உட்கார்கிறது.

முதல் படத்தின் முடிவுச் சண்டை முழுவதும் இதைச் சுற்றியே நடக்கிறது. களத்தில் விட்டுவந்த வாளை எடுத்துக்கொண்டவன் உதோ ஜின்-எ. நடித்தவர் கோஜி கிக்காவா. அவனுக்குப் பணமோ பதவியோ வேண்டாம். பழைய பட்டோசாய் வேண்டும். அதற்காக வாள் பயிற்சிக்கூட ஆசிரியை கவோருவைக் கடத்தி, பார்வையாலேயே அவள் மூச்சை அடக்கிவிடுகிறான். தன்னைக் கொன்றால்தான் அவள் மீள்வாள் என்கிறான். கென்ஷினின் பேச்சில் பணிவு உதிர்கிறது. குரல் தாழ்கிறது. வாள் கையில் திரும்புகிறது. அந்தச் சின்ன அசைவு அவ்வளவு பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், அதற்கு முன் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாக அந்த வாள் ஒரே பக்கமாக இருப்பதை நம் கண் பழகிவிட்டது. கவோரு தன் மன உறுதியாலேயே கட்டை உடைத்து அவனைத் தடுக்கிறாள். களத்தில் செருகிய வாளும் இடுப்பில் இருக்கும் வாளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடம் இது. படம் ஏன் மாங்காவின் தொடக்கத்தை மாற்றியது என்பதும் இங்கேதான் விளங்குகிறது: மாங்காவில் தனித்தனியாக இருந்த 'போலி பட்டோசாய்' கதையையும் ஜின்-எ கதையையும் ஒரே ஆளில் சேர்த்து, கென்ஷின் கீழே போட்ட பாவத்தையே அவன் எதிரியாக எழுப்பிவிட்டார்கள்.

இரண்டாம் படத்தில் சோஜிரோவோடு நடக்கும் முதல் மோதலில் அந்த வாள் உடைகிறது. புதிய வாளுக்காக அராய் ஷாக்கூ என்ற கொல்லரின் வாரிசைத் தேடிப் போகிறான். ஷாக்கூ கொலைக்கருவிகள் செய்து பெயர் வாங்கியவர். சகாபாத்தோவைச் செய்ததும் அவரே. இந்தப் பகுதியைப் படம் பொறுமையாகச் சொல்கிறது. கொல்லனும் கொலையாளியும் ஒரே குற்றத்தைச் சுமக்கிறார்கள் என்பதை மேடைப்பேச்சு இல்லாமல் சொல்லிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

சேர்த்ததும் இழந்ததும்

2014இல் இரண்டு படங்கள்: ஆகஸ்ட் 1 அன்று 'கியோட்டோ பெருந்தீ', செப்டம்பர் 13 அன்று 'புராணத்தின் முடிவு'. இரண்டும் ஷிஷியோ மகோதோவின் கதை. கென்ஷினுக்குப் பின் அரசின் கொலையாளியாக இருந்து, அந்த அரசாலேயே எரிக்கப்பட்டுப் பிழைத்தவன். உடல் முழுக்கக் கட்டு. நடித்தவர் 2006இல் 'டெத் நோட்' படத்தில் யாகாமி லைட்டாக வந்த தட்சுயா ஃபுஜிவாரா. முகத்தைப் பெரிதும் மறைத்துவிட்டபோதும் குரலாலும் நிற்கும் விதத்தாலும் திரையை ஆள்கிறார். உண்மை வரலாற்றில் 1878 மே 14 அன்று அமைச்சர் ஓகுபோ தோஷிமிச்சி டோக்கியோவில் கொல்லப்பட்டார். மாங்காவைப் போலவே படமும் அந்தக் கொலையை ஷிஷியோவின் ஆளான சோஜிரோவின் கையில் வைக்கிறது.

இங்கே படக்குழு துணிந்த மாற்றங்களில் சில பிரமாதம், சில வலிக்கின்றன. மாங்காவில் ஷிஷியோவின் இரும்புப் போர்க்கப்பல் வந்த வேகத்திலேயே வெடிகுண்டில் அழிந்துவிடும். படத்தில் அதுவே இறுதிக் களம். புதிய அரசு தன் பழைய குற்றங்களைக் கடலோரத்தில் நின்று பீரங்கியால் மூழ்கடிக்கப் பார்க்கும் காட்சி, மாங்காவைவிடக் கூர்மையான அரசியல். மூழ்கும் கப்பலில் ஒரே ஒருவனை எதிர்த்துக் கென்ஷின், சாய்தோ, சானோசுகே, ஆவோஷி நால்வரும் மோதுகிறார்கள். அப்படியும் அவனை வெல்ல முடியாமல் திணறுகிறார்கள்.

ஆனால் ஷிஷியோவின் பத்து வாள்கள் என்று மாங்கா செதுக்கிய அணி, படத்தில் பெரும்பாலும் கூட்டமாக வந்து கூட்டமாகப் போய்விடுகிறது. ஆவோஷியின் பின்கதையை முதல் படத்திலிருந்து எடுத்து இரண்டாவதில் வேறு வடிவில் புகுத்தியதால், அவன் வெறிக்கு வேர் இல்லை. நேரப் பற்றாக்குறை என்று சொல்லிச் சமாதானம் அடையலாம்.

கவோருவுக்கு நேர்ந்ததை அப்படி ஏற்க முடியாது. எமி தகேய் நடித்த கவோரு ஒரு வாள் பயிற்சிக்கூடத்தின் ஆசிரியை. 'கட்சுஜின்கென்', உயிர் காக்கும் வாள் என்பது அவள் தந்தை விட்டுப்போன பாடம். கென்ஷின் செய்த சபதத்துக்கு ஒரு கோட்பாடு இருக்கிறதென்றால் அது அவள் வீட்டுச் சுவருக்குள் இருக்கிறது. அவளையே ஒன்று, இரண்டு, நான்கு என மூன்று படங்களில் கடத்தப்பட்டவளாக வைத்துவிட்டார்கள். மாங்காவிலும் இந்தக் குறை உண்டு; ஆனால் அங்கே அவள் கற்பிப்பதைப் பார்க்கப் பக்கங்கள் இருந்தன. சண்டைக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு சிறு பங்கைப் பயிற்சிக்கூடத்தின் காலை வகுப்புக்கு ஒதுக்கியிருந்தால், கென்ஷின் எதற்காகத் திரும்பி வருகிறான் என்பது இன்னும் அழுத்தமாகப் பதிந்திருக்கும்.

மக்கள் வரவேற்பில் குறையில்லை. முதல் படம் ஜப்பானில் சுமார் 300 கோடி யென் வசூலித்தது. இரண்டாவது 520 கோடியைத் தாண்டியது. மூன்றாவது 430 கோடியைத் தாண்டியது. தொடர்ச்சிப் படங்கள் முதல் படத்தைவிட அதிகம் வாங்கியதிலிருந்து ஒன்று தெரிகிறது: மாங்காவைப் படிக்காதவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். நவோகி சாதோவின் இசையும், ஒவ்வொரு படத்தின் முடிவிலும் ஒலிக்கும் 'ஒன் ஓகே ராக்' குழுவின் பாடலும் அந்த இளைஞர் கூட்டத்தைப் பிடித்துவைத்தன.

மூல ஆசிரியரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிறார் ஆபாசப் படங்களை வைத்திருந்த குற்றத்துக்காக வாட்சுகிக்கு 2018இல் 2 லட்சம் யென் அபராதம் விதிக்கப்பட்டது. நின்றிருந்த அவரது புதிய தொடர் சில மாதங்களில் மீண்டும் வெளிவந்தது. மென்மையானவர்களைக் காப்பதே வாளின் வேலை என்று எழுதிய கை அது என்பதால் பல வாசகர்கள் மனம் உடைந்தார்கள், நானும் ஒருவன். கடைசி இரண்டு படங்கள் இதற்குப் பிறகு வந்தவை. நூற்றுக்கணக்கானோரின் உழைப்பு அவற்றில் இருக்கிறது என்பதும், மூலத்தின் மேல் விழுந்த நிழல் விலகவில்லை என்பதும் இரண்டும் உண்மை.

கடைசியில் வந்த தொடக்கம்

மீதமிருந்த கதையை ஒரே தயாரிப்பாக இரண்டு படங்களாக எடுத்தார்கள். 2020 கோடையில் வெளியாக வேண்டியவை, கொரோனாவால் ஓராண்டு தள்ளிப்போயின. 'தி ஃபைனல்' 2021 ஏப்ரல் 23 அன்று வெளியானது. இரண்டே நாளில் டோக்கியோ, ஓசாகா, கியோட்டோ, ஹியோகோ பகுதிகளில் நெருக்கடி நிலை நடைமுறைக்கு வந்து திரையரங்குகள் மூடத் தொடங்கின. 'தி பிகினிங்' ஜூன் 4 அன்று வந்தது. ஜப்பானுக்கு வெளியே இரண்டையும் நெட்ஃபிளிக்ஸ் கொண்டுபோனது.

'தி ஃபைனல்' பழிவாங்கும் கதை. கென்ஷினின் இறந்த மனைவி தோமோயேவின் தம்பி எனிஷி வருகிறான். நடித்தவர் மக்கென்யூ, 'ஒன் பீஸ்' நெட்ஃபிளிக்ஸ் தொடரில் சோரோவாக வந்தவர். சண்டைகள் வரிசையிலேயே மிகப் பெரியவை. ஆனால் மாங்காவில் கவோரு இறந்துவிட்டதாக நம்பிக் கென்ஷின் வாளைச் சங்கிலியால் கட்டிக்கொண்டு வாழ்விலிருந்தே விலகிக் கிடக்கும் நீண்ட இருள் இதில் இல்லை. அந்தப் பள்ளத்தில் விழாததால் எழுவதிலும் பாதி பலம்தான்.

'தி பிகினிங்' வேறு படம். 1864, கியோட்டோ. கென்ஷின் இன்னும் பதின்வயது. கையில் கூர்மையான வாள். முதல் காட்சியில் அவன் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. ஒரு மாளிகையின் காவலர்கள் சூழ்ந்திருக்கிறார்கள். பிடியைப் பற்களால் கவ்வி, தலையை வீசி, வெட்டத் தொடங்குகிறான். அதே நடிகர், அதே சண்டை இயக்குநர். ஆனால் நான்கு படங்களில் பார்த்த சறுக்கலும் சுவர் ஓட்டமும் அடங்கிவிட்டன. கொல்லும் வாளுக்கு அவ்வளவு அசைவு வேண்டியதில்லை. ஒருவனுக்கு ஒரு வெட்டு; அடுத்தவன். பழைய வாள் சண்டைப் படங்களின் அந்த அமைதி இங்கே திரும்பி வருகிறது, அதுவும் குருதியோடு. முந்தைய படங்களில் ஏன் அவன் அவ்வளவு ஓடினான் என்பது இப்போது புரிகிறது. ஒருவனைக் கொல்லாமல் வீழ்த்த எவ்வளவு உழைக்க வேண்டும்! இதற்காகவே வெளியான வரிசையில் பார்க்கச் சொல்வேன். கதையின் கால வரிசையில் இந்தப் படத்தை முதலில் பார்ப்பவர்கள் அந்த ஒப்பீட்டை இழக்கிறார்கள்.

இதில் வண்ணம் குறைவு, பேச்சு குறைவு. கசுமி அரிமுரா நடித்த தோமோயேவின் முகம் எதையும் எளிதில் காட்டிக்கொடுப்பதில்லை. புரட்சியாளர்கள் மேல் ஷின்செங்குமி நடத்திய இகேதாயா விடுதித் தாக்குதலுக்குப் பிறகு இருவரும் ஓட்சு அருகே ஒரு கிராமத்தில் கணவன் மனைவியாக ஒளிந்து வாழ்கிறார்கள். காய்கறி பயிரிடுகிறார்கள். கொலைகாரனின் கை மண்ணைக் கிளறுவதையும், பிடுங்கிய முள்ளங்கியைக் கழுவுவதையும் படம் அவசரமில்லாமல் பார்க்கிறது. அவன் உறக்கத்தில் வாளை அணைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவன். அவளருகில் மெல்ல மெல்லத் தூங்கக் கற்றுக்கொள்கிறான். முடிவு எப்படி வரும் என்று மாங்கா வாசகர்கள் எல்லோருக்கும் தெரியும். பனியில் கண்ணும் காதும் மங்கிய நிலையில் அவன் வீசும் கடைசி வெட்டு, எதிரியோடு அவளையும் சேர்த்தே வெட்டுகிறது. அவன் கன்னத்தில் ஏற்கெனவே இருந்த கோட்டின் குறுக்கே அவளுடைய கத்தி இன்னொரு கோட்டைப் போடுகிறது.

முதல் கோடு யார் போட்டது என்பதைச் சொன்னது 2012ஆம் ஆண்டுப் படம். அதில் மசாதாகா குபோதா நடித்த கியோசாதோ என்ற காவல்காரன், கென்ஷினின் வாளில் விழுந்தும் சாக மறுத்து எழுந்து எழுந்து வருகிறான். திருமணம் நிச்சயமானவன். சாகக்கூடாது, சாகக்கூடாது என்று தவழ்கிறான். அவனுடைய வாள்முனைதான் கென்ஷினின் கன்னத்தைக் கீறுகிறது. பிறகு அவன் உடலின் மேல் விழுந்து ஒரு பெண் கதறுகிறாள். கென்ஷின் தூரத்திலிருந்து பார்க்கிறான். அந்தப் பெண் யார் என்று அந்தப் படம் நமக்குச் சொல்லவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, மழையில் குடையோடு வந்து அவன் வாழ்க்கைக்குள் நுழைபவள் அவள்தான்.